சிவப்புக் குடை

பெசான்சோன் ரயிலடியில் இறங்கியதும் இவர் கேட்டார்:
"இந்தக் குளிரில் ஸ்பெயின்காரன் எங்கே வந்தான்?"
நானும் அதைத்தான் நினைத்தேன்.
சுவிஸ் எல்லை கூப்பிடு தூரம்.
கடல் எந்தப் பக்கமும் இல்லை.

மதாம் ஜானரோ சிவப்புக் குடையை உயர்த்தினாள்.
பதினோரு பேர் அதன் பின்னால் நடந்தோம்.
ஆறு ஊரைச் சுற்றி ஓடுகிறது,
பூட்ட மறந்த வளையல் மாதிரி
ஓரிடத்தில் மட்டும் வாய் திறந்து.
அந்த இடைவெளியில் மலை. மலைமேல் கோட்டை.
"அதற்கும் ஏறணுமா?" என்றார் முழங்காலைத் தடவி.

ஒரே கல்லில் இரண்டு நிறம்:
பாதி மழைமேகம், பாதி மணல்.
சன்னல்களில் வயிறு தள்ளிய இரும்புக் கம்பிகள்.
"ஸ்பானியப் பழக்கம்" என்ற மதாம்
நாலடி நடந்து திரும்பி,
"அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்" என்றாள்.

மாளிகை முற்றத்தில் தூண்களுக்கு நடுவே
கதை சொன்னாள்:
ஜெர்மனியில் ஒரு ஊரைக் கொடுத்து
ஸ்பெயின் ராஜா எங்களை வாங்கினார்.
இருபது வருஷம்.
பிறகு பிரெஞ்சு ராஜா பீரங்கியோடு வந்தார்.

எங்களை, என்றாள்.
முந்நூற்றைம்பது வருஷம் கழித்தும்.

"முசியே மரிக்கார், நீங்கள் எந்த ஊர்?"
மரைக்காயரை அப்படித்தான் சுருக்கியிருக்கிறது
எங்கள் அடையாள அட்டை.
"சார்செல்."
"அதற்கு முன்னால்?"
"காரைக்கால். தஞ்சாவூர் ராஜா காசுக்கு விற்ற ஊர்.
வாங்கியது நீங்கள்தான்."
எல்லோரும் சிரித்தார்கள்.
மதாம் மட்டும் சிரிக்காமல்,
"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றாள்.
என்ன தெரியும் என்று அவளும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

தேவாலயத்துக்குள் கடிகாரம்.
முகம் முழுக்க முகங்கள்.
உலகத்து ஊர்களின் நேரம் ஒரு வரிசையில்,
துறைமுகங்களின் ஏற்றவற்றம் இன்னொரு வரிசையில்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.
ரேஷன் பட்டியலில் பெயர் தேடுவதுபோல.
"இல்லையா?" என்றேன்.
"நம்ம கடலுக்கு நேரம் பார்த்தா ஏறி இறங்கத் தெரியும்?"

ஒரு சக்கரம் உள்ளே
நானூறு வருஷத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றுமாம்.
ஒரு குழந்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றது,
இப்போது நகர்ந்துவிடும் என்று.

கோட்டைக்கு ஏறிவிட்டோம். மூன்று இடத்தில் உட்கார்ந்து.
அகழியில் குரங்குகள்.
இவருக்கு உயிர் வந்தது. படம் எடுத்தார்.
பின்னால் மதாமின் குரல்:
அந்தக் காலத்தில் இந்தச் சீமைக்காரர் சிலர்
தங்களைக் குப்புறப் புதைக்கச் சொன்னார்களாம்,
செத்த பிறகும்
புது ராஜாவின் சூரியனைப் பார்க்கக்கூடாது என்று.

குரங்கிடமிருந்து போனை எடுத்தார் இவர்.

போன மாதம்தான் மேரியில் ஃபாரம் நிரப்பினோம்,
கல்லறையில் நம்மவர்களுக்கான பகுதியில்
இரண்டு இடம் கேட்டு.
அன்றைக்கு இவர் கேட்ட ஒரே கேள்வி:
"ஊரிலே முகத்தை மேற்கே பார்த்துத் திருப்புவோம்.
இங்கே?"
கவுன்டர் பெண்ணுக்குத் தெரியவில்லை.
எனக்கும் உடனே வரவில்லை.
இங்கே தென்கிழக்கு.

தூறல் விட்டபாடில்லை. அஸர் நேரம்.
போனில் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அது குரங்குகளைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி,
மங்கலான குன்று ஒன்றைக் காட்டியது.
கோட்டைச் சுவர் ஓரமாக
மழைக் கோட்டை விரித்து நின்றார்.

மதாம் எதுவும் கேட்கவில்லை.
பக்கத்தில் போய்
சிவப்புக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

குடை உயர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று
காலையிலிருந்து பழகியிருந்த ஒன்பது பேரும்
அங்கங்கே விட்டுவிட்டு வந்து
இவருக்குப் பின்னால்
வரிசையாக நின்றார்கள்.